தட்டை வாங்கும் முன் கற்றையை அளந்துவிடுங்கள்

லேசர் கற்றையை அதன் போக்கில் விட்டால் நடுவில் குவிந்து, ஓரத்துக்குப் போகப் போகத் தேய்ந்து மறையும். காஸியன் என்று அழைக்கப்படும் இந்த வடிவத்தில், நடு உச்சியின் செறிவு சராசரியைப் போல் சரியாக இரண்டு மடங்கு. பல வேலைகளுக்கு இது இடைஞ்சல். மென்படலச் சூரியத் தகடுகளில் கண்ணாடியின் மேலுள்ள படலத்தைக் கோடு கோடாக உரிக்கிறார்கள். நடுப்பகுதி படலத்தைத் தாண்டி அடியில் இருப்பதையும் சுடும். ஓரப்பகுதி படலத்தைச் சூடாக்கிக் கெடுக்குமே தவிர உரிக்காது. வட்டப் புள்ளிகளை அடுக்கிக் கோடு போடுவதால் கோட்டின் இரு ஓரமும் நெளிநெளியாக வரும். அதைக் குறைக்க ஒரு புள்ளியின் மேல் அடுத்ததை நிறைய ஏற்றிப் போட வேண்டும், வேகம் போய்விடும். செறிவு சமமாக உள்ள சதுரப் புள்ளி கிடைத்தால், ஒன்றின் ஓரத்தில் அடுத்ததை ஒட்டி வைத்துக்கொண்டே போகலாம்.

நடுவில் ஒரு துளை வைத்து ஓரத்தை வெட்டிவிட்டால் போதாதா என்ற கேள்வி எழும். காஸியனில் ஒரு துளைக்குள் போகும் திறனுக்கு எளிய கணக்கு உண்டு: துளையின் ஓரத்தில் செறிவு உச்சத்திலிருந்து எத்தனை சதவீதம் குறைந்திருக்கிறதோ, மொத்தத் திறனில் அத்தனை சதவீதம்தான் துளைக்குள் போகும். செறிவு 10 சதவீதத்துக்கு மேல் மாறக்கூடாது என்றால் 10 சதவீதத் திறன்தான் மிஞ்சும். மீதி 90 துளையின் உலோகத்தைச் சூடாக்கும். ஒளியை வெட்டாமல் இடம் மாற்றி வைக்கும் பொருள் தேவைப்படுவது இதனால்தான்.

அந்தப் பொருள் டி.ஓ.இ. (டிஃப்ராக்டிவ் ஆப்டிக்கல் எலிமென்ட்) என்ற சுருக்கப் பெயரில் விற்கப்படும் விளிம்பு விளைவுத் தட்டு. பார்வைக்கு சில மில்லிமீட்டர் தடிமனுள்ள உருக்கிய சிலிக்கா வில்லை. ஒரு முகத்தில் மட்டும் மைக்ரான் ஆழத்தில் மேடுபள்ளம் செதுக்கியிருக்கும். மேட்டின் வழியே போகும் ஒளி கண்ணாடிக்குள் கூடுதல் தூரம் போவதால், பள்ளத்தின் வழியே போகும் ஒளியைவிடப் பின்தங்குகிறது. எந்த இடத்தில் எவ்வளவு பின்தங்க வேண்டும் என்பதை வரைந்து வைத்தால், தொலைவில் ஒளி எங்கே கூடும், எங்கே அழியும் என்பது முடிவாகிவிடும். ஒரு முழு அலை பின்தங்கத் தேவையான உயரம், அலைநீளத்தை ஒளிவிலகல் எண்ணில் 1 கழித்த மிச்சத்தால் வகுத்தால் வரும். 1064 நானோமீட்டரில் உருக்கிய சிலிக்காவின் ஒளிவிலகல் எண் 1.4496, உயரம் 2366 நானோமீட்டர். அதைவிட ஆழமாகச் செதுக்குவதால் பயனில்லை, முழு அலை தாண்டினால் திரும்பவும் சுழியிலிருந்தே தொடங்கலாம்.

இரண்டே மட்டம், அதாவது மேடு ஒன்று பள்ளம் ஒன்று என்றால் அரை அலை வேறுபாடு போதும்: 1183 நானோமீட்டர். ஒரே முகமூடி (எங்கே செதுக்க வேண்டும் என்று காட்டும் வரைபடத் தகடு), ஒரே செதுக்கல், விலை குறைவு. ஆனால் இரண்டு மட்டத் தட்டுக்கு இடம் வலம் தெரியாது. வலப்பக்கம் அனுப்பும் அதே அளவு ஒளியை இடப்பக்கமும் அனுப்பும். ஒரே திசைக்கு ஒளியைத் திருப்பும் சாய்தளத்தை இரண்டு மட்டத்தில் செய்தால் 40.5 சதவீத ஒளிதான் சேர வேண்டிய இடத்துக்குச் சேரும். நான்கு மட்டத்தில் 81, எட்டில் 95, பதினாறில் 98.7. எட்டு மட்டத்துக்கு எட்டு முகமூடி தேவையில்லை, மூன்றே போதும்: 1183, 592, 296 நானோமீட்டர் என்று மூன்று ஆழங்களில் ஒன்றன்மேல் ஒன்றாகச் செதுக்கினால் எட்டுச் சேர்க்கைகளும் வந்துவிடும். மின்னணுச் சில்லு செய்யும் முறையை அப்படியே ஒளியியலுக்குக் கொண்டுவந்த இந்த வழியை 1980களில் எம்.ஐ.டி. லிங்கன் ஆய்வகத்தில் வில்ஃப்ரிட் வெல்ட்காம்ப் குழுவினர் வளர்த்தெடுத்தார்கள். இதில் வரும் வில்லங்கம் முகமூடிகளின் பொருத்தம். இரண்டாவது முகமூடி முதலாவதிலிருந்து கால் மைக்ரான் நகர்ந்தாலும் ஒவ்வொரு படியின் ஓரத்திலும் தேவையில்லாத மெல்லிய மேடோ பள்ளமோ நின்றுவிடும்; அதிலிருந்து ஒளி சிதறும்.

கடைக்காரரிடம் போய் டி.ஓ.இ. வேண்டும் என்று மட்டும் கேட்டால் போதாது. கற்றையைப் பல புள்ளிகளாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர், காஸியனைச் சமதளமாக்கும் ஃப்ளாட்-டாப் ஷேப்பர், ஒளியை ஒரு வடிவத்துக்குள் பரப்பும் டிஃப்யூசர் ஆகிய மூன்றும் ஒரே மாதிரிக் கண்ணாடித் துண்டுகள்தாம். ஆனால் உள்ளே வரும் கற்றையிடம் அவை எதிர்பார்ப்பது முற்றிலும் வேறு. இந்தத் துறையில் வீணாகும் பணத்தில் பெரும்பகுதி, ஷேப்பருக்குத் தகுதியில்லாத கற்றையின் முன்னால் ஷேப்பரை வைப்பதால் போகிறது என்பதே எங்கள் எண்ணம். அதனால் அதை முதலில் விரிவாகப் பார்ப்போம்.

ஃப்ளாட்-டாப் ஷேப்பர் என்பது, குறிப்பிட்ட விட்டமுள்ள காஸியன் கற்றை சரியாக நடுவில் வந்து விழும் என்று நம்பி எழுதப்பட்ட ஒரு மாற்று வரைபடம். கற்றையின் இந்த இடத்து ஒளி சதுரத்தின் அந்த இடத்துக்குப் போகட்டும் என்று ஒவ்வொரு இடத்துக்கும் முடிவு செய்யப்பட்டிருக்கும். நம்பிக்கை பொய்த்தால் வரைபடம் தப்பாகிவிடும். தட்டு எதையும் திருத்திக் கொடுக்காது.

எண்களோடு பார்ப்போம். அலைநீளம் 1064 நானோமீட்டர், கற்றையின் விட்டம் 6 மி.மீ., லென்ஸின் குவியத் தொலைவு 100 மி.மீ. விட்டம் என்று சொல்வது, செறிவு உச்சத்தின் 13.5 சதவீதத்துக்கு இறங்கும் இடத்தை ஓரமாகக் கொண்டு அளந்தது. தட்டு இல்லாமல் இந்த லென்ஸ் தரும் மிகச் சிறிய புள்ளி 22.6 மைக்ரான். நமக்கு வேண்டியது 100 மைக்ரான் சதுரம். முடியுமா முடியாதா என்பதைச் சொல்ல ஓர் எண் உண்டு. சாண்டியா ஆய்வகத்தின் லூயிஸ் ரொமேரோவும் ஃப்ரெட் டிக்கியும் 1996இல் முன்வைத்தது, பீட்டா என்பார்கள். கற்றையின் ஆரத்தையும் சதுரத்தின் பாதிப் பக்கத்தையும் பெருக்கி, அதை அலைநீளமும் குவியத் தொலைவும் சேர்ந்த பெருக்கலால் வகுத்து, விடையை 5.01ஆல் பெருக்குங்கள். நம் எண்களுக்கு 7 வருகிறது. 4க்குக் கீழே போனால் எந்தத் தட்டாலும் நல்ல சதுரம் கிடைக்காது. 32க்கு மேல் விளிம்பு விளைவின் தொல்லையே பெரிதாகத் தெரியாது. 7 என்பது செய்யக்கூடியது, ஆனால் மூலைகள் உருண்டிருக்கும், ஓரம் செங்குத்தாக நிற்காது. இதே அமைப்பில் 50 மைக்ரான் சதுரம் கேட்டால் பீட்டா 3.5. விலைப்பட்டியலைப் புரட்டுவதை நிறுத்திவிட்டு, கற்றையை அகலமாக்குவதா, குவியத் தொலைவைக் குறைப்பதா என்று யோசிக்க வேண்டிய இடம் அது.

அகலமாக்கினால் அடுத்த கேள்வி, வழியில் உள்ள கண்ணாடிகளின் அகலம். கற்றையின் விட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கு துளை வைத்தால் இழப்பு 1.1 சதவீதம்தான், போதுமே என்று தோன்றும். திறனைப் பார்த்தால் போதும். ஆனால் அலைகள் கூடுவதும் அழிவதும் வீச்சைப் பொறுத்தது, செறிவு அதன் வர்க்கம். அந்த ஓரத்தில் செறிவு 1.1 சதவீதமாக இருக்கும்போது வீச்சு இன்னும் 10.5 சதவீதம் இருக்கிறது. அதைத் திடீரென்று வெட்டினால் சதுரத்தின் தளத்தில் வரிவரியாக அலைகள் எழும். இரண்டு மடங்கு துளை வைத்தால் ஓரத்து வீச்சு 1.8 சதவீதத்துக்கு இறங்கிவிடும். 6 மி.மீ. கற்றைக்கு ஷேப்பர், லென்ஸ், இடையில் உள்ள கண்ணாடி எல்லாவற்றுக்கும் குறைந்தது 12 மி.மீ. திறப்பு வேண்டும் என்பது இதனால்தான். 45 பாகையில் நிற்கும் கண்ணாடியின் திறப்பு ஒரு திசையில் சுருங்கித் தெரியும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

இப்போது பிழைகள். கற்றை தட்டின் நடுவிலிருந்து 0.12 மி.மீ., அதாவது விட்டத்தில் 2 சதவீதம் நகர்ந்தால் என்ன ஆகும்? கதிர்க் கணக்குப்படி, நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையே மூன்றில் இரண்டு பங்கு தள்ளியுள்ள இடத்தில் ஒருபுறம் 8 சதவீதம் கூடும், மறுபுறம் அதே அளவு குறையும். 5 சதவீதம், அதாவது 0.3 மி.மீ. நகர்ந்தால் அதே இடத்தில் 19 சதவீதம் கூடிவிடும். சதுரம் ஒரு பக்கம் சரிந்த கூரையாகிவிடும். விற்பவர்கள் ஐந்து சதவீதம் வரை பரவாயில்லை என்று எழுதியிருந்தாலும், செறிவு முக்கியமான வேலைக்கு அதை இரண்டாக எடுத்துக்கொள்வது நல்லது. தட்டைப் பிடிக்கும் தாங்கி இரு திசையிலும் 10 மைக்ரான் அளவில் நகரக்கூடியதாக இருக்கட்டும்.

விட்டப் பிழை இன்னும் நுணுக்கமானது. கற்றை 5 சதவீதம் பெரிதாக வந்தால் நடுவின் செறிவு 9 சதவீதம் இறங்கும், ஓரங்கள் கொம்பு போல் எழும். சிறிதாக வந்தால் நடு குவிந்து கோபுரமாகும். குவியத்தை விட்டு முன்னும் பின்னும் நகர்ந்தாலும் இதே இரண்டு தோற்றங்கள் வருவதுதான் சிக்கல்: ஒருபுறம் கொம்பு, மறுபுறம் கோபுரம். விட்டப் பிழையா, குவியப் பிழையா என்று படத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஒன்றை இன்னொன்றால் ஓரளவு சமாளித்துவிடவும் முடியும். அப்படிச் சமாளித்த அமைப்பு சின்ன மாற்றத்துக்கும் கெட்டுவிடும்.

ஆகவே வேலையின் வரிசை முக்கியம். லேசரை, வேலையின்போது எந்த மின்னோட்டத்தில் ஓடுமோ அதே மின்னோட்டத்தில் ஓட விட்டு, அரை மணி நேரம் சூடாக விடுங்கள். மின்னோட்டத்தைக் குறைத்து வைத்து அளந்துவிட்டு, பிறகு கூட்டினால் படிகத்தின் வெப்பம் மாறி, கற்றையின் விட்டமும் விரிவும் மாறிவிடும், அளந்தது வீண். திறனைக் குறைக்க அரை அலைத் தகட்டையும் போலரைசரையும் லேசருக்கு வெளியே வையுங்கள். கேமராவுக்குப் போகும் ஒளியை, பூச்சில்லாத கண்ணாடி ஆப்பில் பட்டுத் திரும்பும் மூன்றரை சதவீதத்திலிருந்து எடுங்கள். கறுப்பு வடிகட்டியை முதல் ஆளாக நிறுத்தினால் அது சூடாகி லென்ஸ் போல் நடந்துகொண்டு அளவைக் கெடுக்கும். தட்டு நிற்கப்போகும் இடத்தில் ஒருமுறை, ஒரு மீட்டர் தள்ளி ஒருமுறை, இரண்டு அச்சிலும் விட்டத்தை அளந்து, கற்றையை அகலமாக்கும் பீம் எக்ஸ்பாண்டரைத் திருகி 6.0 மி.மீ.க்குக் கொண்டுவாருங்கள். கற்றையின் தரத்தைச் சொல்லும் எம்-ஸ்கொயர் எண் 1.3க்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் என்றால் ஷேப்பரை மறந்துவிட்டு டிஃப்யூசர் பக்கம் போய்விடலாம்.

அடுத்து, தட்டு இல்லாமல் லென்ஸை மட்டும் வைத்து மிகச் சிறிய புள்ளி விழும் இடத்தைத் தேடிப் பிடியுங்கள். எம்-ஸ்கொயர் 1.1 என்றால் 25 மைக்ரான் வரும். அந்த இடத்தில் கேமராவைப் பூட்டிவிடுங்கள். இணைக்கற்றைக்கு (விரியாமலும் குவியாமலும் வரும் கற்றைக்கு) வடிவமைத்த ஷேப்பரின் சதுரம் லென்ஸின் குவியத்தில்தான் விழும். அங்கே பூட்டிவிட்டால் குவியப் பிழை ஆட்டத்திலிருந்து விலகிவிடுகிறது. பிறகுதான் தட்டு உள்ளே வரலாம். சரிவு தெரிந்தால் தட்டை இடம் வலமும் மேலும் கீழும் நகர்த்துங்கள். கொம்பு தெரிந்தால் எக்ஸ்பாண்டரில் விட்டத்தைக் குறையுங்கள், கோபுரம் தெரிந்தால் கூட்டுங்கள். சதுரம் கோணலாக நின்றால் தட்டைத் தன் அச்சிலேயே சுழற்றினால் சரியாகும். இந்த அமைப்பில் 22.6 மைக்ரான் புள்ளியின் ராலே நீளம் (புள்ளி பெரிதாக விரியாமல் நிற்கும் தூரம்) 0.38 மி.மீ.; சதுரம் தட்டையாக நிற்கும் ஆழம் அதிலும் ஒரு பகுதிதான். வேலைப்பொருளின் மேற்பரப்பு அரை மில்லிமீட்டர் வளைந்திருந்தால் தட்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

கேமராவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 3.45 மைக்ரான் பிக்சல் உள்ள கேமராவில் 100 மைக்ரான் சதுரம் 29 பிக்சல்தான் பிடிக்கும், ஓரத்தின் சரிவு ஐந்தாறு பிக்சலுக்குள் முடிந்துவிடும். பத்து மடங்கு பெரிதாக்கும் மைக்ரோஸ்கோப் லென்ஸை முன்னால் வைத்துப் பாருங்கள்.

ஸ்ப்ளிட்டர் இதற்கு நேரெதிர் சுபாவம். ஒரே அலகு திரும்பத் திரும்ப வரும் கீற்றணி என்பதால், கற்றை தட்டின் எந்த இடத்தில் விழுந்தாலும் புள்ளிகளின் வரிசை நகராது. 100 மி.மீ. லென்ஸில் புள்ளிக்குப் புள்ளி 0.5 மி.மீ. இடைவெளி வேண்டுமென்றால் அலகின் நீளம் 213 மைக்ரான், 6 மி.மீ. கற்றைக்குள் 28 அலகு அடங்கும், தாராளம். மூன்று அலகுக்குக் குறைவாக அடங்கினால் புள்ளிகள் ஒன்றோடொன்று கலக்கும். ஒவ்வொரு புள்ளியும் உள்ளே வந்த கற்றையின் நகல்தான்: கற்றை நீள்வட்டமென்றால் எல்லாப் புள்ளியும் நீள்வட்டம். படலம் உரிப்பவர்கள் தட்டைச் சற்றுச் சுழற்றிக் கோடுகளின் நெருக்கத்தை மாற்றுவார்கள். லென்ஸை மாற்ற வேண்டியதில்லை.

சமச் செறிவுள்ள புள்ளிகளை வெறும் இரண்டு மட்டத்தில், படிகளின் இடங்களை மட்டும் மாற்றிப் பெறலாம் என்று 1971இல் ஹாம்பர்க் பிலிப்ஸ் ஆய்வகத்தின் டாமனும் கோர்ட்லரும் காட்டினார்கள். இந்த இரண்டு மட்டக் கீற்றணியில் எங்களுக்கு மிகவும் பிடித்த ஒரு குணம் உண்டு: அதன் பிழைகள் தம்மைத் தாமே காட்டிக்கொடுக்கும். செதுக்கிய ஆழம் தவறினால் மற்ற எல்லாப் புள்ளிகளும் ஒரே விகிதத்தில் மங்கும், கூடுவது நடுப்புள்ளி மட்டும். படிகளின் அகலம் தவறினால் வரிசை முழுவதும் ஏற்ற இறக்கமாகும். 9×9 புள்ளிகள், மொத்த செயல்திறன் 64 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு புள்ளிக்கும் 0.79 சதவீதம். ஆழத்தில் 5 சதவீதப் பிழை, அதாவது வெறும் 59 நானோமீட்டர், நடுப்புள்ளியில் 0.6 சதவீதத்தைக் கூட்டும். மற்றவற்றைவிட நடு 1.8 மடங்கு பிரகாசமாகிவிடும். புள்ளிகளின் எண்ணிக்கை கூடக்கூட ஆழத்தின் துல்லியமும் கடுமையாக வேண்டியிருக்கிறது. எண்ணிக்கையை இரட்டைப்படையாக வைத்து, நடுவில் விழுவதைச் சின்ன உலோகத் தகட்டால் மறைத்துவிடுவது பலர் கையாளும் வழி.

ஆழம் சரியாக இருந்தும் நடு எரிகிறதென்றால் அலைநீளத்தைப் பாருங்கள். 1064க்குச் செதுக்கிய இரண்டு மட்டத் தட்டில் 532 நானோமீட்டர் பச்சை ஒளியை விட்டால், அரை அலை கிட்டத்தட்ட முழு அலையாகிவிடும். 99 சதவீதத்துக்கு மேல் ஒளி தட்டே இல்லாதது போல் நேராகப் போய்விடும்.

ஸ்கேனரோடு சேர்க்கும்போது இன்னொன்று. மேலே சொன்ன 9×9 வரிசையின் கடைசிப் புள்ளி நடுவிலிருந்து நான்காவது, 20 மில்லிரேடியன் சாய்ந்து போகிறது. தட்டுக்கும், ஸ்கேனரில் கற்றையைத் திருப்பும் கால்வோ கண்ணாடிக்கும் 200 மி.மீ. தூரம் என்றால் கற்றை 4 மி.மீ. விலகிவிட்டிருக்கும், இருபுறமும் சேர்த்து 14 மி.மீ. வேண்டும். 10 மி.மீ. கால்வோவில் ஓரப் புள்ளிகள் வெட்டுப்படும், மங்கும், நீண்டு தெரியும். தட்டைக் கால்வோவுக்கு ஒட்டி வையுங்கள், அல்லது இரண்டு லென்ஸ் வைத்துத் தட்டின் பிம்பத்தைக் கால்வோ கண்ணாடியின் மேல் விழ வையுங்கள். ஃபெம்டோ வினாடி லேசரில் நிறப்பிரிகையும் சேரும். 1030 நானோமீட்டரில் 300 ஃபெம்டோ வினாடித் துடிப்புக்கு அலைநீள அகலம் சுமார் 5 நானோமீட்டர், அதாவது அரை சதவீதம். நடுவிலிருந்து 2 மி.மீ. தள்ளியுள்ள புள்ளி 10 மைக்ரான் இழுபட்டு நீளும்.

டிஃப்யூசரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அது எதையும் பெரிதாக எதிர்பார்ப்பதில்லை. கற்றை நகரலாம், பெரிதாகலாம், பல முறைமைகள் கலந்த (மல்டி-மோடு) லேசராக இருக்கலாம். சதுரம் சதுரமாகவே வரும். விலையாகக் கொடுப்பது ஸ்பெக்கிள் என்ற மணல் பரப்பியது போன்ற புள்ளித் தன்மை. மணியின் அளவு ஏறத்தாழ அலைநீளத்தைக் குவியத் தொலைவால் பெருக்கிக் கற்றை விட்டத்தால் வகுத்தது, நம் எண்களுக்கு 18 மைக்ரான். நல்ல தரக் கற்றையில் இந்த மணிகள் முழு இருட்டுக்கும் முழு வெளிச்சத்துக்கும் இடையே ஏறி இறங்கும். கற்றையின் தரம் மோசமாக மோசமாக அவை ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மட்டமாகும். தட்டைச் சுழல விட்டாலும், ஒரே இடத்தில் பல துடிப்புகள் விழும் வேலைகளில் மட்டமாகும். டிஃப்யூசரின் மேடுபள்ளத்தைக் கணக்கிடப் பெரும்பாலும் பயன்படுவது, எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களுக்காக 1972இல் கெர்ச்பெர்க்கும் சாக்ஸ்டனும் எழுதிய சுழற்சி முறையின் வழித்தோன்றல்கள். தட்டின் பக்கம் ஒருமுறை, பிம்பத்தின் பக்கம் ஒருமுறை என்று ஃபூரியே மாற்றத்தில் போய் வந்து, ஒவ்வொரு முறையும் வேண்டிய செறிவைத் திணித்து, அலையின் கட்டத்தை (எவ்வளவு பின்தங்கியது என்பதை) மட்டும் விட்டுவைப்பார்கள்.

கடைசியாகத் தட்டைக் கையாளுவது. மேடுபள்ளம் வேலை செய்வது கண்ணாடிக்கும் காற்றுக்கும் உள்ள ஒளிவிலகல் வேறுபாட்டால். பள்ளத்தில் தண்ணீர் நின்றால் 0.45 ஆக இருந்த வேறுபாடு 0.12க்கு இறங்கிவிடும், இரண்டு மட்டத் தட்டில் 80 சதவீதத்துக்கு மேல் ஒளி நேராகப் பாயும். விரல் பட்டுத் தோலின் எண்ணெய் நிரம்பினால் இன்னும் மோசம், அதன் ஒளிவிலகல் எண் சிலிக்காவை ஒட்டியது. 2017இல் வந்த ஐபோன் எக்ஸ், முகத்தை அறிய 30,000க்கு மேல் அகச்சிவப்புப் புள்ளிகளை வீசுவது இப்படிப்பட்ட தட்டின் உதவியால்தான். இவ்வகைக் கருவிகளில் தட்டு விரிசல் விட்டாலோ நனைந்தாலோ பிரிந்திருக்க வேண்டிய ஒளி ஒரே திசையில் கண்ணுக்குப் போகக்கூடும். அதனால் தட்டின் நிலையைக் கண்காணித்து லேசரை அணைக்கும் ஏற்பாடு அவற்றுக்குத் தேவை. ஆய்வக மேசையிலும் இதே எச்சரிக்கை பொருந்தும்: டிஃப்யூசர் இருக்கிறது என்ற தைரியத்தில் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றாதீர்கள்.

செதுக்கிய முகம் எது என்று தெரியாவிட்டால் வெள்ளை விளக்கின் கீழ் சாய்த்துப் பாருங்கள், வானவில் நிறங்கள் தெரியும். அதைத் துணியால் தேய்க்க வேண்டாம். சுத்தமான காற்றால் ஊதுங்கள். கறை இருந்தால் உருக்கிய சிலிக்கா தட்டை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் அலசி ஊதி உலர்த்தலாம். பாலிமரில் அச்சுக் குத்திய மலிவுத் தட்டாக இருந்தால், எந்தக் கரைப்பானைத் தாங்கும் என்று விற்றவரிடம் கேட்டுக்கொண்டு தொடுங்கள். அவற்றை அதிகத் திறனுள்ள கற்றைக்கு முன்னால் வைக்கவும் கூடாது. பூச்சு இல்லாத தட்டில் ஒரு முகத்துக்கு 3.4 சதவீதம் திரும்பி வரும். ஸ்ப்ளிட்டர் என்றால் அந்தத் திரும்பும் ஒளியும் பல புள்ளிகளாகப் பிரிந்தே வரும். லேசரின் வாய்க்குள் எதுவும் போகாதபடி தட்டை ஓரிரு பாகை சாய்த்து, மீதிப் புள்ளிகள் எங்கே விழுகின்றன என்று அகச்சிவப்பு அட்டையால் தேடிப் பார்த்து, அங்கெல்லாம் கறுப்புத் தடுப்பு வையுங்கள்.